இழைத்தல்

தமிழில் மரத்தையும் இழைக்கிறோம், தீங்கையும் இழைக்கிறோம். விடுமுறைகளில் மரவேலை பழகும் தமிழாசிரியர் இருவரான எங்களுக்கு, அவ்வினைச்சொல்லின் இரு முகங்களும் ஒருங்கே புலப்படுவது இழைப்பு இயந்திரத்தின்முன் நிற்கையில்தான்.

இழைப்புளியைப் பயன்படுத்துகையில் மரம் கிடக்கும், கருவி நகரும். இயந்திரத்திலோ அலகு ஓரிடத்தில் சுழல, மரமும் அதைப் பற்றிய கையும் அதன்மேல் நகர்கின்றன. ஆபத்தின் பிறப்பிடம் அதுவே.

ஆகவே, மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே மேசைகளைச் சீராக்குகிறோம். மரம் வெளியேறும் பக்கத்து மேசை, சுழலும் அலகின் உச்சத்துக்குச் சமமாதல் வேண்டும். தாழ்ந்தால் பலகையின் கடைமுனை குழியும். உயர்ந்தால் பலகை முட்டி நிற்கும். மரம் நுழையும் பக்கம் 1 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். பக்கத் தடுப்பு செங்குத்தாக உள்ளதா என மூலைமட்டம் வைத்துப் பார்க்கிறோம்.

பலகையின் குழிந்த முகத்தைக் கீழே வைத்து, இழையோட்டம் பார்த்துத் தள்ளுகிறோம். அலகின்மேல் விரல் செல்லாதிருக்கத் தள்ளுகட்டை உண்டு. காப்பு மூடியை அகற்றுவதில்லை. கையுறை அணிவதில்லை, அலகு அதைக் கவ்வினால் கையையும் இழுத்துக்கொள்ளும். 30 சென்டிமீட்டருக்குக் குறைந்த துண்டுகள் இழைப்புளிக்கே உரியவை.

விசையை அணைத்த பின்னும் அலகு சிறிது நேரம் சுழலும். அவ்வொலி அடங்கும்வரை எங்கள் கைகள் மேசையருகே செல்வதில்லை.