உறைபனிக் காலத்தில் உதகை

கோடை விடுமுறையில் நீலகிரி மலையிலுள்ள உதகைக்குச் செல்பவர்கள் மலையைவிட மனிதர்களையே மிகுதியாகக் காண்பர். பொங்கல் விடுமுறை முடிந்ததும் அந்தக் கூட்டம் குறைந்து, ஊர் அமைதியாகிவிடும்.

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், இங்கு வானிலிருந்து பனி கொட்டுவதில்லை. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. குளிர்ந்த காற்று பள்ளங்களில் தேங்க, புல்லின்மேல் படியும் ஈரம் உறைந்துவிடுகிறது. விடியற்காலையில் தலைக்குந்தா புல்வெளி உப்பளம்போல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் அக்காட்சி மறைந்துவிடும். ஆனால், கம்பளியை விட்டு வெளியே வரத்தான் மனம் வராது!

பயணிகள் கைப்பேசியில் படமெடுக்கும் அதே வேளையில், தேயிலை பயிரிடும் சிறு விவசாயி கவலையோடு தோட்டத்தைச் சுற்றி வருகிறார். இளஞ்செடிகளை முந்தைய மாலையே காய்ந்த தழைகளால் மூடி வைத்திருப்பார். கேரட் பயிரிட்டவரோ தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார். மூடாத செடிகளின் கொழுந்துகள், தீயில் வாட்டியதுபோல் கருகிவிடும். அவை மீண்டும் துளிர்க்கும்வரை விவசாயிக்கு வருமானம் குறையும். கொழுந்து பறிப்பவர்களுக்கும் வேலை குறையும்.

அந்நாள்களில் தேநீர்க் கடைகளில் எழும் முதல் கேள்வி, இன்றிரவாவது வானத்தில் மேகம் கூடுமா என்பதுதான்.