ஊதுவதற்கு முன்னால்

சனிக்கிழமை காலை, ஜொகூரின் தெப்ராவில் ஓர் இடைநிலைப்பள்ளி. பாசிர் கூடாங் போகும் லாரிகளின் இரைச்சலுக்கு மேலே ஒரே சுரம் நீளமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பேண்டுப் பயிற்சி பார்க்க அனுமதி வாங்கிப் போயிருந்தேன். மண்டபத்தில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாம் படிவப் பையன்கள் சிலர் மட்டும் வெளி நடையில் கையளவு மவுத்பீஸை உதட்டில் வைத்து வண்டுபோல ரீங்கரித்தபடி வரிசையாக நடந்தார்கள். தேசிய கீதமான ‘நெகாராகூ’ மெட்டைப் பிசகாமல் அதிலேயே இசைத்துக் காட்டும்வரை டிரம்பெட்டைத் தொட விடமாட்டார்களாம். வேடிக்கையாகத் தெரிந்தாலும் அதில் வித்தை இருக்கிறது. பித்தளைக் குழலுக்குள் சுரம் பிறப்பது உதட்டின் அதிர்வில்தான். வால்வுகள் குழலின் நீளத்தை மட்டுமே மாற்றுகின்றன.

தே தாரேக் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் ஊதினால் அபராதம்: அன்று முழுக் குழுவின் வால்வுகளுக்கும் எண்ணெய் விட வேண்டும். இனிப்பு உள்ளே படிந்தால் வால்வு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது திடலில் அணிவகுப்பு. இறங்கியதும் யாரும் வாசிக்கவில்லை. எல்லோரும் கருவியை வாயில் வைத்துச் சத்தமே வராமல் ஊதினார்கள். “சூடு ஏத்துறோம், அங்கிள்” என்றாள் கிளாரினெட் வாசிக்கும் மாணவி. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். ஊதுகருவியின் சுருதியும் மேலேறும். மின்விசிறிக்கு அடியில் சேர்த்த சுருதி வெயிலில் நிற்காது. அதனால் திடலில் மறுபடி சேர்க்கிறார்கள். டிரம்பெட்காரர்கள் சுருதிக் குழாயைச் சற்று வெளியே இழுத்துக்கொள்கிறார்கள்.

அந்த மாணவியின் தாத்தா கோயிலில் நாதஸ்வரம் வாசித்தவராம். கிளாரினெட்டின் ஒற்றை ரீடும் நாயனத்தின் இரட்டைச் சீவாளியும் நாணல் வகையில் செய்வதுதான் என்றதும், “அதான் தாத்தா என் ரீடைக் கேட்டு வாங்கிப் பார்த்தாரா!” என்று சிரித்தாள்.

பயிற்றுநர் ஓய்வுபெற்ற ராணுவ பேண்டுக்காரர். ஜொகூரில் பேண்டு வாத்தியத்துக்கு வயது அதிகம் என்றார். மாநில கீதமான ‘பங்சா ஜொகூர்’ மெட்டை 1879-இல் அமைத்தவர், இங்கே பேண்டு மாஸ்டராக இருந்த மெக்கர்டிச் கலிஸ்தான் என்ற ஆர்மீனியர். திங்கட்கிழமை சபைகூடலில் இந்தப் பிள்ளைகள் வாசிப்பதும் அதைத்தான்.

முடிவில் ஒரு சடங்கு. பயிற்றுநர் “ஹுஜான்!” (மழை) என்று குரல் கொடுக்க, பித்தளைக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயின் சிறு திறப்பை அழுத்தி, விரித்த பழைய நாளிதழில் நீரைச் சொட்டவிட்டார்கள். நான் முகம் சுளித்ததைக் கவனித்த டிரம்போன் பையன், “எச்சில் இல்ல லா அங்கிள், மூச்சு!” என்றான். பெரும்பாலும் அது மூச்சின் ஈரம் குளிர்ந்த நீர்தான். வடிக்காவிட்டால் சுரம் களகளக்கும்.

ஒன்றுக்கு மட்டும் யாரிடமும் காரணம் இல்லை. மூலையில் நசுங்கிய வாயோடு நிற்கும் பழைய சூசாஃபோனின் பெயர் ‘அத்தோக்’, மலாயில் தாத்தா. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் வந்ததும் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறார்கள். ஏன் என்றால், “சீனியர் சொன்னாங்க.” அந்தச் சீனியருக்கு அவருடைய சீனியர்.

காரணமுள்ள விதிகளைப் பயிற்றுநரே கற்றுத்தந்துவிடலாம். ஆண்டுதோறும் ஐந்தாம் படிவம் முடித்து ஒரு வரிசை வெளியேற, புதிய வரிசை ஒன்று வந்து சேரும் குழு இது. அக்கா தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கவென்று ஏதாவது மிச்சமிருக்க வேண்டும். அதற்கு அத்தோக் போதும்.