பாவம், அந்தப் பல்!

பாகூர்ப் பக்கம் ஒரு சாஸ்திரம் சொல்வார்கள். குழந்தைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது! தங்கச்சி மகனுக்கு ஆறு மாதம் முடிந்ததிலிருந்து, அவன் வாயைத் திறந்து பார்ப்பதே என் தினசரி அலுவலாகிவிட்டது. (அந்தத் தாய்மாமன் அடியேன்தான்.)

பயலுக்கு நல்ல மனசு. ஏழாம் மாதம் கீழ் ஈறில் அரிசி முனை மாதிரி இரண்டு வெள்ளைப் புள்ளி! என் ஆயுசு கெட்டி. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ்ப்பல்தான் முதலில் வருமாம். சாஸ்திரம் எழுதினவர் மாமன்களுக்குச் சலுகை காட்டித்தான் எழுதியிருக்கிறார்!

பல் வருவதென்றால் சும்மாவா? பாகூர் ஏரி மதகைத் திறந்துவிட்ட மாதிரி ஜொள்ளு. ஒரு நாளைக்கு நாலு சட்டை. மூக்குக் கண்ணாடி, ரேஷன் கார்டு, ஆயாவின் சுருக்குப்பை என்று எதையும் விடாமல் கடி. நடுராத்திரியில் கச்சேரி வேறு.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? "தேனைத் தொட்டு ஈறுல தடவு" என்றார் பக்கத்து வீட்டு ஆயா. "மரத்துப்போற ஜெல் வாங்கிப் போடு" என்றார் இன்னொருத்தர். பெரியப்பா, "ரெண்டே சொட்டு பிராந்தி" என்று ஒரே போடாகப் போட்டார். (புதுச்சேரியில் இந்த மருந்துக்கு மட்டும் தட்டுப்பாடே கிடையாது! சொட்டு போக மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் பெரிய மனசோடு சொன்னார்.)

அப்புறம்தான் வந்தது வினை. குழந்தைக்கு ஒரே நாளில் ஏழெட்டுத் தடவை வயிற்றால் போனது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. "பல்லு முளைக்கறப்ப அப்படித்தான். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று திண்ணையில் தீர்ப்பு.

தங்கச்சி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "காலையிலேர்ந்து துணியே நனையலண்ணே. அழுதா கண்ணுல தண்ணி வரல. இது பல்லு இல்ல. வண்டிய எடு" என்றாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். கிள்ளின மடிப்பு மெதுவாகத்தான் படிந்தது. "உடம்புல தண்ணி வத்திப்போச்சு. ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா ஆபத்து" என்றார். ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டியபடி நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுநடுவே தாய்ப்பால். கடைசியில் தங்கச்சியின் மடி நனைந்ததே பார்க்கணும்... எங்களுக்கு அன்றைக்குத்தான் தீபாவளி! 14 நாளைக்கு ஜிங்க் மருந்தும் கொடுத்தார்கள்.

"அப்போ பல்லு?" என்று அம்மா விடாமல் கேட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பல் வந்தால் ஈறு வீங்கும், ஜொள்ளு வடியும், பிள்ளை சிணுங்கும். உடம்பு லேசாக வெதுவெதுக்கலாம். ஆனால் 100.4 டிகிரியைத் தொடும் சுரமும், வயிற்றுப்போக்கும் பல்லின் வேலை இல்லை. ஆறு மாத வாக்கில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அதே சமயம் பிள்ளை தவழ்ந்துபோய்த் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறது. கிருமியும் வருகிறது, பல்லும் வருகிறது. பழி மட்டும் பல்லுக்கு!

இந்தப் பழி இன்று நேற்று வந்ததல்ல. 16-ஆம் நூற்றாண்டில் அம்ப்ருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை வைத்தியர், பல் வர ஈறைக் கத்தியால் கீறச் சொன்னார். இங்கிலாந்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற பொடியில் பாதரசம் இருந்தது. 1954-ல்தான் அதை நீக்கினார்கள். நைஜீரியாவில் 2008-ல் பல் முளைப்புக்கென்று விற்ற ஒரு சிரப்பில் நச்சு ரசாயனம் கலந்திருந்து, 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். பல் யாரையும் கொல்லவில்லை சார், வைத்தியம்தான் கொன்றது!

திண்ணை வைத்தியத்துக்கு வருவோம். ஒரு வயசுக்குள் தேன் கூடாது. அதிலுள்ள கிருமி நரம்பைத் தாக்கலாம். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் ஜெல், ரத்தம் ஆக்ஸிஜன் சுமப்பதையே கெடுக்கலாம். இரண்டு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம் என்று 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. பிராந்தியைப் பெரியப்பாவுக்கே விட்டுவிடலாம்.

உருப்படியான வைத்தியம் காசில்லாதது. கையை சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் ஈறை மெல்ல நீவிவிடுங்கள். சுத்தமான ஈரத்துணியைக் குளிர வைத்துக் கடிக்கக் கொடுங்கள். உறைந்த ஐஸ் வேண்டாம். ஜொள்ளை அவ்வப்போது ஒற்றித் துடையுங்கள். இல்லாவிட்டால் மோவாய் புண்ணாகும். கேரட் துண்டு வேண்டாம், தொண்டையில் அடைக்கும். மற்றபடி தோளில் போட்டுக்கொண்டு உலாத்த வேண்டியதுதான். மாமன்கள் இதற்குத்தானே இருக்கிறார்கள்!

பால்பல் மொத்தம் இருபது. முளைத்து முடிய ஏறக்குறைய மூன்று வயசாகும். அதுவரை வருகிற சுரத்தையெல்லாம் பல் கணக்கில் எழுதினால், பல் மறுத்துப் பேசாது. பிள்ளைக்கும் பேசத் தெரியாது. துணி நனைந்ததா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.