விடுபட்ட பகுதிகள்

எந்தக் கதையையும் அதன் தொடக்கத்திலிருந்தே கேட்க வேண்டும் என்பது நம்முடைய பழைய பிடிவாதம். நடுவில் புகுவதும் முடிவை முன்னதாக அறிந்து கொள்வதும் நமக்கு ஒவ்வாதவை. ஆகவே, "டாக்டர் ஹூ பார்க்கலாமா நன்னா? புதியவற்றிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு எளிதாக இருக்கும்" என்று பேரன் அழைத்தபோது, "பார்ப்பதானால் முதல் நாளிலிருந்து, ஒளிபரப்பான வரிசையில், ஒன்றும் விடாமல் பார்ப்போம்" என்றோம். "ஒன்றும் விடாமல் பார்க்க முடியாது நன்னா" என்று அவன் சிரித்தான். அச்சிரிப்பின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை.

காலத்தையும் வெளியையும் கடந்து உலவும் ஒரு முதியவர். வெளியே பார்த்தால் நீலநிறப் போலீஸ் பெட்டியாகவும், உள்ளே நுழைந்தால் மாளிகையாகவும் விரியும் அவருடைய ஊர்தி. இவ்விரண்டையும் கொண்டு பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் அது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்ட மறுநாள், முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. அந்தப் பரபரப்பில் அதனைக் காணத் தவறியோருக்காக, அடுத்த சனிக்கிழமை அதனையே மீண்டும் காட்டிவிட்டு இரண்டாம் பகுதிக்குச் சென்றார்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்னும் 27 வயதுப் பெண்மணி. இயக்குநர் 24 வயதே நிரம்பிய வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர், ஆங்கில நாவலாசிரியை அத்தியா ஹுசைனின் மகனார். திரையில் அப்பெயர் ஓடியதைக் கண்டு நாம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

பதின்மூன்று பகுதிகள் தடையின்றிச் சென்றன. பதினான்காவதில் திரை அசைவற்று நின்றது. மார்க்கோ போலோ குப்ளாய் கானின் அவைக்குச் செல்லும் கதை அது. 1964ஆம் ஆண்டில் ஏழு வாரங்கள் ஒளிபரப்பானது; ஏழனுள் ஆறினை இயக்கியவர் ஹுசைன். அவ்வேழில் ஒன்றுகூட இன்று இல்லை. கருப்பு வெள்ளைப் புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, பின்னணியில் குரல்கள் மட்டும் ஒலித்தன. "இதைத்தான் சொன்னேன் நன்னா" என்றான் பேரன்.

காரணத்தைக் கேட்டறிந்தோம். ஒளிப்பதிவு நாடா அந்நாளில் விலை மிகுந்தது. அழித்து மீண்டும் பயன்படுத்தத்தக்கது. நடிகர்களோடு செய்துகொண்ட உடன்பாடுகள் மறு ஒளிபரப்புக்கு வரம்பு விதித்திருந்தன. வண்ணம் வந்தபின் கருப்பு வெள்ளையை விரும்புவார் யார் என்ற எண்ணமும் சேர்ந்தது. வெளிநாடுகளுக்கு விற்பதற்கென எடுத்த படச்சுருள்களும், உரிமைக்காலம் முடிந்ததும் குப்பைக்குப் போயின. 1978ஆம் ஆண்டளவில்தான் இவ்வழிப்பு நின்றது. முதல் ஆறாண்டுகளின் 253 பகுதிகளில் ஏராளமானவை அதற்குள் மறைந்துவிட்டன.

பாதுகாத்திருக்க வேண்டியவர்கள் அழித்தார்கள். கடமை ஏதுமில்லாதவர்கள் காத்தார்கள். வீட்டு ஒலிப்பதிவுக் கருவியின் ஒலிவாங்கியைத் தொலைக்காட்சிப் பெட்டியருகே வைத்துப் பதிந்துகொண்ட இளைஞர்கள் சிலர் இருந்தனர். அவர்கள் தயவால், காணாமற்போன ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று உள்ளது. ஜான் கியூரா என்னும் புகைப்படக்காரர் ஓடும் திரையையே படமெடுத்துக் கலைஞர்களுக்கு விற்று வந்தார். ஹுசைன் தாம் இயக்கிய ஆறு பகுதிகளின் படங்களையும் பத்திரமாக வைத்திருந்தார். வேறொருவர் இயக்கிய நான்காம் பகுதிக்கு அத்தகைய படங்களும் இல்லை. ஒருவருக்குத் தம் உழைப்பின்மீது இருந்த பற்று எதைக் காத்தது, அது இல்லாத இடத்தில் எது அழிந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1965ஆம் ஆண்டின் சிலுவைப் போர்க் கதைக்காக நாம் ஆவலோடு காத்திருந்தோம். சுல்தான் சலாஹுத்தீன் அதில் ஒரு பாத்திரம். பெர்னார்ட் கே என்னும் ஆங்கில நடிகர் அவரை நிதானமும் கண்ணியமும் உடையவராகவே நடித்துக் காட்டினார். சுல்தானின் தம்பிக்குத் தன் சகோதரியை மணமுடித்துப் போரை நிறுத்த முனைகிறார் ரிச்சர்ட் மன்னர். தன்னைக் கேளாமல் தன் வாழ்வைப் பேரம் பேசியதற்காக அப்பெண் சீறுகிறாள். அக்காட்சி எஞ்சியுள்ளது. நான்கு பகுதிகளில் முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே உள்ளன. முதலாவதும் 1999ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் கிடைத்ததுதான். மற்றவற்றை விளக்கணைத்துவிட்டு, வானொலி நாடகம் கேட்பதுபோல் கேட்டோம்.

1966 அக்டோபர் 29ஆம் நாள், முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் விழுந்து கிடக்க, அவர் முகம் பாட்ரிக் டிரௌட்டனின் முகமாக மாறியது. நடிகர் மாறியும் தொடர் தொடர்வதற்கு வழிசெய்த பகுதி அது, அதுவும் அழிந்தது. ஆயினும் முகம் மாறும் அந்தச் சில நொடிகள் மட்டும், 1973ஆம் ஆண்டில் வேறொரு சிறுவர் நிகழ்ச்சியில் எடுத்தாளப்பட்டமையால் பிழைத்தன.

"எத்தகைய பொறுப்பற்ற மனிதர்கள்!" என்று அன்றிரவு நாம் கடிந்துரைத்தோம். சொல்லி வாய் மூடுமுன் நம் நெஞ்சு நம்மைக் கடிந்தது.

1983ஆம் ஆண்டு நாம் சிங்கப்பூரில் பணிபுரிந்த காலத்தில், எழுதப் படிக்கத் தெரியாத நம் அன்னையார், ஊர் வந்து திரும்பிய ஒருவரிடம் ஓர் ஒலிநாடாவைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு பக்கம் முழுவதும் அவர்கள் பேச்சு: மழை, மாடு, தங்கையின் பேறுகாலம், நாம் வேளைக்கு உண்கிறோமா என்னும் கேள்வி. இருமுறை கேட்டோம். அடுத்த ஆண்டு வானொலியில் ஒரு பட்டிமன்றம் வந்தது. கையில் வேறு நாடா இல்லை. அன்னையார் உயிரோடு இருக்கிறார்கள், ஊர் சென்றால் நேரில் கேட்கலாம் என்ற எண்ணத்தில் அதன்மேலேயே பதிந்தோம். நாம் ஊர் செல்லுமுன் அவர்கள் காலமானார்கள். பட்டிமன்றம் முடிந்தபின், நாடாவின் வாலில் சில நொடிகள் தப்பியுள்ளன. "ஓடுதா, நின்னுடுச்சா?" என்று பக்கத்திலிருந்த யாரையோ கேட்கிறார்கள். நம்மிடம் இருக்கும் அவர்கள் குரல் அவ்வளவே.

பி.பி.சி.யின் நாடாவை அழித்தவரும் நம்மைப் போன்றவரே. தீய எண்ணம் இல்லை. கையில் வேறு நாடா இல்லை. இருப்பது என்றும் இருக்கும் என்ற நினைப்பு.

2013ஆம் ஆண்டு அக்டோபரில், நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையமொன்றிலிருந்து காணாமற்போன 9 பகுதிகள் மீண்டதாக அறிவித்தார்கள். அதன்பின்னும் 97 எஞ்சின. அவற்றில் எதனையும் தாவிச் செல்வதில்லை என்று பேரனோடு உறுதி செய்துகொண்டோம். படம் இல்லையேல் ஒலி; இருப்பதைக் கொண்டு வரிசையைக் காக்கிறோம். இப்போது 1969ஆம் ஆண்டின் இறுதிக் கதையை முடித்துவிட்டோம். இனி வண்ணக் காலம்.

அதற்கு முன்னர் அந்தப் பழைய ஒலிநாடாவைப் பேரனிடம் எடுத்துக் கொடுத்தோம். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைத் தன் தாயிடம் ஒப்படைத்தான். பட்டிமன்றத்தை நீக்கிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம், எதையும் அழிக்க வேண்டாம் என்றோம். அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதேனும் ஒரு நாடா கிடக்கக்கூடும். அதன்மேல் வேறொன்றைப் பதியுமுன் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள்.