ஃபயர்வால் போட்டாச்சு, அப்புறம்?

2017 ஜூன் 27. நாட்பெட்யா என்கிற வைரஸ் (பண்டிதர்கள் மன்னிக்க, வைரஸ் என்றே சொல்லிக்கொள்கிறேன்) உக்ரைனில் கிளம்பி ஒரே நாளில் உலகம் சுற்றியது. கோபர்கைரனேயில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது எங்கேயோ நடந்த சமாச்சாரம் இல்லை. இங்கிருந்து பாம் பீச் ரோடு பிடித்து உரண் பக்கம் போனால் நவ சேவா துறைமுகம். அங்கே கேட்வே டெர்மினல்ஸ் இந்தியா என்று ஒரு முனையம், டென்மார்க்கின் மேர்ஸ்க் குழுமத்தைச் சேர்ந்த ஏபிஎம் டெர்மினல்ஸ் நடத்துவது. அங்கே மேர்ஸ்க்கின் கம்ப்யூட்டர்கள் படுத்ததும் இங்கே இந்த முனையமும் படுத்துவிட்டது. எந்தக் கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டிய சிஸ்டம் இல்லாமல், கையால் எழுதி ஓட்டினார்கள்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், வாஷியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பொட்டி தட்டுகிற தம்பி ஒருவன். ஊர் நாங்குநேரி பக்கம், ஜாகை செம்பூர். கன்டெய்னர் எங்கே இருக்கு, டூட்டி கட்டியாச்சா, லாரி கிளம்பியாச்சா என்று வாடிக்கையாளர்கள் பார்க்கிற வெப்சைட்டை அவன் ஒருத்தன்தான் கவனிக்கிறான். வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு லினக்ஸ் சர்வர். அது ரெண்டு நாள் படுத்தால் பெட்டி துறைமுகத்திலேயே கிடக்கும், இலவச நாள் தாண்டினால் தினவாடகை ஏறும், திட்டு தம்பிக்கு விழும்.

"அண்ணே, ஃபயர்வால் போட்டாச்சுண்ணே. இனி பயமில்லேல்லா?" என்றான்.

"வா, பாத்துருவோம்."

மேர்ஸ்க்கில் ஃபயர்வால் இல்லாமலா இருந்திருக்கும்? நாட்பெட்யா கேட்டை உடைத்துக்கொண்டு வரவில்லை. எம்.இ.டாக் என்கிற உக்ரைன் வரிக்கணக்கு மென்பொருளின் அப்டேட்டில் ஏறி, மரியாதையாக உள்ளே வந்தது. வந்த பிறகு விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் 445-ஆம் போர்ட் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. அந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே பேட்ச் கொடுத்திருந்தது. பேட்ச் போட்ட மெஷின்களும் தப்பவில்லை. பக்கத்து மெஷினின் நினைவகத்தில் கிடந்த அட்மின் பாஸ்வேர்டைத் திருடிக்கொண்டு, முதலாளி மாதிரி நுழைந்தது. கடைசியில் மேர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை.

நம் சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் பெயர், ஃப்ளாட் நம்பர் எல்லாம் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்கிறான். உள்ளே போனவன் எந்த மாடிக்குப் போகிறான், போகும்போது கையில் என்ன கொண்டு போகிறான் என்று அவன் பார்ப்பதில்லை. முக்கால்வாசி பேர் ஃபயர்வாலை இந்த வாட்ச்மேன் அளவில்தான் வைத்திருக்கிறோம்.

தம்பியின் சர்வருக்கு வருவோம். யூஎஃப்டபிள்யூ போட்டிருந்தான். உள்ளே வருவது எல்லாம் மூடல். 22, 80, 443 மட்டும் திறப்பு. நல்ல பிள்ளை. ஆனால் எது திறந்திருக்கிறது என்பதை ஃபயர்வாலிடம் கேட்கக்கூடாது, அது தன் நோட்டில் இருப்பதைத்தான் சொல்லும். சர்வருக்குள்ளே எஸ்எஸ் என்ற கட்டளையைக் கேட்க வேண்டும்: எந்த ப்ரோகிராம் எந்தப் போர்ட்டில் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். முகவரி 127.0.0.1 என்றிருந்தால் அது வீட்டுக்குள் பேச்சு. 0.0.0.0 என்றிருந்தால் ஊருக்கே கேட்கிறது. அடுத்து வெளியே இருந்து, அதாவது என் வீட்டு லேப்டாப்பிலிருந்து, என்மேப் ஓட்டினேன். என்மேப் சும்மா ஓட்டினால் பிரபலமான 1,000 போர்ட்டை மட்டும்தான் பார்க்கும். 65,535-ஐயும் பார் என்று தனியாகச் சொல்ல வேண்டும். (உங்கள் சர்வரில் மட்டும் ஓட்டுங்கள். அடுத்தவன் வீட்டுக் கதவை ஆட்டிப் பார்ப்பது வேறு விஷயம்.)

22, 80, 443... அப்புறம் 6379. ரெடிஸ். பாஸ்வேர்டு கிடையாது. லாகின் பண்ணியவர்களின் செஷன் முழுக்க அதில்தான்.

"நான் அதைத் தெறக்கவே இல்லண்ணே!"

அவன் திறக்கவில்லைதான். டாக்கர் திறந்தது. (துறைமுக ஆபீஸில் டாக்கர் கன்டெய்னர் பற்றிப் பேசினால் முதலாளி குழம்பிப் போகிறார்.) டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியிட்டால் அது ஐபிடேபிள்ஸில் தன் சொந்த விதியை எழுதிக்கொள்கிறது. பாக்கெட் வந்ததுமே முகவரி மாற்றப்பட்டு கன்டெய்னருக்குத் திருப்பிவிடப்படும். யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கிற வழிக்கே அது வராது. முன் கேட்டில் வாட்ச்மேன், பார்க்கிங் பக்கம் திறந்த கதவு. மருந்து ஒரு வரிதான்: போர்ட்டை வெளியிடும்போது முன்னால் 127.0.0.1 என்று சேர்ப்பது. சேர்த்தான், மறுபடி என்மேப் ஓட்டினோம், 6379 காணோம். வாடகை சர்வர்க்காரன் தருகிற ஃபயர்வாலையும் மேலே போடச் சொன்னேன். அது மெஷினுக்கு வெளியே நிற்பதால் டாக்கர் அதைத் தொட முடியாது. ஐபிவி6 முகவரி இருந்தால் அதற்கும் தனியாக ஒரு முறை பாருங்கள், நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

எஸ்எஸ்எச் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாஸ்வேர்டை அணைத்துவிட்டு சாவி மட்டும். ஃபெயில்2பேன் லாகைப் படித்து, பத்து நிமிடத்தில் ஐந்து தடவை தப்பாக முயல்கிறவனைப் பத்து நிமிடம் தடுக்கும். லாக் கொஞ்சம் சுத்தமாகும், அவ்வளவுதான். ஃபயர்வால் விதி மாற்றும்போது, பத்து நிமிடத்தில் ஃபயர்வாலை அணைத்துவிடு என்று ஒரு வேலையை முன்கூட்டியே ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள். நம்மையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால், காத்திருந்து திரும்ப நுழையலாம்.

யாரும் கவனிக்காதது வெளியே போகிற பாதை. தம்பியின் சர்வர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வெப் சர்வருக்கு எதற்கு அந்தச் சுதந்திரம்? பெயர் கேட்க 53, நேரம் கேட்க 123, மெயில் அனுப்ப 587, அப்டேட்டுக்கு 80-ம் 443-ம், அதுவும் தெரிந்த இடங்களுக்கு மட்டும். உள்ளே புகுந்தவன் முதலில் செய்வது வெளியே போன் போடுவதுதான். டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்கள் 2022 நவம்பரில் முடங்கியபோதும், நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று அரசு பாராளுமன்றத்தில் சொன்னது. உள்பாதையும் வெளிப்பாதையும் அங்கேயும் பிரச்னைதான்.

லாக் பற்றி ஒரு சட்ட விவகாரம். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்தில் சொல்ல வேண்டும். சின்னக் கம்பெனிகளுக்குக் கொஞ்ச நாள் தவணை கொடுத்தார்கள், 2022 செப்டம்பரோடு அதுவும் முடிந்தது. உபுண்டுவில் எஞ்சின்எக்ஸ் போட்டால் தானாக வருகிற கணக்கு 14 நாள்! தம்பியிடம் இருந்ததும் அதுவே. மாற்றினோம், தினமும் ஒரு நகல் வேறு மெஷினுக்கும் போகும்படி வைத்தோம். புகுந்தவன் முதலில் அழிப்பது லாகைத்தானே.

அடுத்து பேக்கப். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் தானே பேக்கப்பை ஆபீஸ் மெஷினுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஆபீஸ் மெஷினின் சாவி சர்வரில் இருக்கிறது. சர்வரைப் பிடித்தவன் பேக்கப்பையும் அழிக்கலாம். திருப்பிப் போட்டோம். இப்போது ஆபீஸ் மெஷின் வந்து இழுத்துக்கொள்கிறது, சர்வரிடம் எந்தச் சாவியும் இல்லை.

மேர்ஸ்க்கில் உலகம் முழுக்க இருந்த டொமைன் கன்ட்ரோலர்கள் ஒன்றுக்கொன்று பேக்கப் என்று நம்பியிருந்தார்கள். எல்லாம் ஒன்றாக அழிந்தன, கானாவில் ஒன்றைத் தவிர. அன்றைக்கு அங்கே கரண்ட் இல்லை. அந்த ஒன்றை வைத்துத்தான் மீண்டார்கள்.

"நமக்கு அப்படி ஒரு கரண்ட் கட் எப்படிண்ணே கெடைக்கும்?" என்றான் தம்பி. ரெண்டு டிஸ்க் வாங்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்றைப் பிடுங்கி செம்பூர் வீட்டுக்கு எடுத்துப் போவான், திங்கள் காலை அடுத்ததை மாட்டுவான். முதலாளி சம்மதித்துவிட்டார். டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணாமல் மட்டும் வாஷியில் லோக்கல் ஏறாதே என்று சொல்லியிருக்கிறேன்.