மேலகரத்தாளுக்கு

ஏட்டி மேலகரத்தா,

உன் சொந்தப் பேரை எழுதக் கையே வரலை. நம்ம ராமசாமியா பிள்ளை மேல்நிலைப்பள்ளியில யாருக்குத்தான் சொந்தப் பேர் இருந்தது? நீ மேலகரத்தா, அவ வல்லத்துக்காரி, சைக்கிள்ல வர்றவன் ஆய்க்குடியான். இலஞ்சியிலயே பிறந்த எனக்குத்தான் ஒண்ணும் வாய்க்கலை. இலஞ்சின்னா மகிழமரம்னு பெருமையா ஒருநாள் ஆரம்பிச்சேன். குளம்னும் அர்த்தம் இருக்குன்னு ஆய்க்குடியான் எடுத்துவிட்டு, அன்னிக்குப் பூரா என்னைக் ‘குளம்’னு கூப்பிட்டான். மறுநாள் அவனுக்கே மறந்துபோச்சு.

நீ மட்டும் லேசுப்பட்டவளா? குற்றாலக் குறவஞ்சி பாடம் வந்தப்போ, திரிகூடராசப்பக் கவிராயர் எங்க ஊர்க்காரர்னு எந்திரிச்சு நின்னியே, என்னமோ உன் தாய்மாமன் மாதிரி! பரீட்சையில அதே பாடத்துல கோட்டை விட்டதை நான் யார்கிட்டயும் சொல்லலை.

ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்தா சாரலும் கூடவே வந்துரும். எந்தெந்த ஊரிலிருந்தோ ஜனம் அருவிக்கு வரும். நாம ஈரச் சீருடையோட கணக்குப் போடணும். ஐந்தருவிக்குக் கம்பி நீட்டினவங்க தலை ஈரத்தைச் சாரல் மேல போட்டுத் தப்பிச்சிருவாங்க. சட்டையில பட்ட மங்குஸ்தான் தோல் கறைதான் காட்டிக் கொடுத்துரும். உன் வெள்ளைத் தாவணிக் கதையை இங்க எழுதலை, உன் மக படிச்சிருவா.

விஷயத்துக்கு வாரேன். போன வாரம் குமாரர் கோயில்ல செங்கோட்டைக்காரியைப் பார்த்தேன். ரெண்டு சுற்று பெருத்துட்டா; நானும்தான், அதை விடு. எங்க ஆச்சி மலையாளத்து ராஜ்யத்துல பிறந்தவன்னு அப்பவே பீத்துவாளே, நாம சிரிப்போமே? அது நிசம்தான்ட்டி. 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை நம்ம பக்கம் வந்திருக்கு. ஆச்சி வாசப்படி தாண்டாமலே மாநிலம் மாறியிருக்கா. நாம மட்டும் என்ன, 2019 நவம்பர்ல இருந்த இடத்துல இருந்தே மாவட்டம் மாறலையா? எனக்கு இன்னும் விலாசத்துல ‘திருநெல்வேலி’ன்னுதான் முதல்ல கை ஓடுது, அப்புறம் அடிக்கிறேன்.

இப்போ அவ மகளுக்கு மாப்பிள்ளை புனலூர்ல! ஆச்சி விட்ட இடத்துல கொள்ளுப்பேத்தி பிடிச்சிட்டா. 2018-ல அகலப்பாதை வந்தபிறகு மலையைத் தாண்டி ரயில்லயே போய் வரலாமே.

கல்யாணப் பத்திரிகையில எழுத உன் பேரைக் கேட்டா. அவளுக்கு நிசமாவே தெரியலை. மேலகரத்தான்னே எழுதுன்னுட்டேன். தபால்காரர் திருப்பி அனுப்பாம இருந்தா சரி.

உன்,
இலஞ்சிக்காரி