சொல்லாமல் விட்ட மாத்திரை

அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம். வாரத்துக்கு ஒன்றாக அலெண்ட்ரோனேட் 70 மி.கி. எழுதிக்கொடுத்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், பழைய சீட்டையே நீட்டி வருடக்கணக்காக வாங்கி வந்தேன். ஐந்து வருடம் ஆனதும் இதைத் தொடரலாமா, சில காலம் நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். திருவள்ளூருக்குக் கூட்டிப்போய்க் காட்ட ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம். ஓவர்டைம் போகுமே என்று தள்ளிப்போட்டேன்.

"வலது தொடை கடுக்குதுடா" என்று அம்மா பல தடவை சொன்னார். வயசானால் அப்படித்தான் என்று தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு காலையில் வாசலில் நின்றவர் திரும்பினார், தொடை எலும்பு முறிந்தது. விழுந்ததால் முறியவில்லை, முறிந்ததால்தான் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் என்னென்ன மாத்திரை என்று கேட்டார்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளைச் சொன்னேன். வார மாத்திரையைச் சொல்லவில்லை. மறதி என்றுதான் வீட்டில் சொல்லிவந்தேன். அது பொய். எத்தனை வருடமாக, யார் சொல்லி என்று அடுத்த கேள்வி வரும் என்ற பயம். முன்பே வலி இருந்ததா என்று கேட்டபோது, என்னைப் பார்த்துவிட்டு அம்மா "இல்லை" என்றார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

எக்ஸ்ரேயில் குறுக்காக ஓடிய முறிவைப் பார்த்து டாக்டரே சந்தேகப்பட்டு மறுபடி கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். உடனே இடது தொடையையும் படம் எடுத்தார்கள். வெளிப்பக்க எலும்பு புடைத்து, மெல்லிய கீறல் தொடங்கியிருந்தது. நான் இன்னும் மறைத்திருந்தால், அந்தக் காலில் அம்மாவை ஊன்றி நடக்க விட்டிருப்போம்.

பழைய எலும்பை அரிக்கும் செல்களை இம்மருந்து அடக்குகிறது. நீண்ட காலம் அடக்கினால் நுண்விரிசல்கள் ஆறாமல் சேர்கின்றன என்று டாக்டர் விளக்கினார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இப்படித் தொடை எலும்பு முறியக்கூடும் என்று 2010-லேயே எச்சரித்திருக்கிறது. மாத்திரையைப் பழிக்க மாட்டேன். 2020-இல் வெளியான கலிபோர்னியா ஆய்வின் கணக்கில், 10,000 ஆசியப் பெண்கள் மூன்று வருடம் சாப்பிட்டால் 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படுகின்றன. இத்தகைய தொடை முறிவு 8 பேருக்கு வருகிறது. வெள்ளையருக்கு அது 2 மட்டுமே. பெரும்பாலும் முன்கூட்டியே தொடையோ கவட்டையோ வலிக்கும்.

அம்மாவுக்கும் வலித்தது. அதைச் சொல்லவும் செய்தார், என்னிடம்.